வால் பக்கம் வெச்ச பொட்டு

என் வீட்டுக்காரரு சிவசங்கரன் மாதிரி ஜாக்கிரதையான ஆளை நீங்க பார்த்திருக்கவே மாட்டீங்க. அபுதாபி ரோட்டுல அத்தனை பேரும் நூத்தி நாப்பதுல பறக்கும்போது இவரு மட்டும் மெதுவாப் போறவங்களுக்கான வலது ஓரத்துல நூறைத் தாண்ட மாட்டாரு. பின்னாடி வர்ற லாரிக்காரன் லைட் அடிச்சு அடிச்சே ஓஞ்சு போவான். வீட்டு கேஸ் ட்யூபுல அதை மாட்டின தேதி எழுதி ஒரு அட்டை தொங்கும். லீவுக்கு ஊருக்குக் கிளம்பினா, இஸ்திரிப் பெட்டியைப் பிளக்ல இருந்து பிடுங்கினதை ஃபோன்ல படம் பிடிச்சு வெச்சுக்குவாரு, ஏர்போர்ட்ல உக்காந்து சந்தேகம் வந்தா எடுத்துப் பார்க்கறதுக்கு. இப்படிப்பட்ட மனுசன் ஒரு நாள் மத்தியானம் ரசத்துக்குச் சோறு பிசைஞ்சுக்கிட்டே, "பாரதி, நான் ஒரு ஏரோப்ளேன் கட்டலாம்னு இருக்கேன்"னாரு.

எனக்குப் புரையேறிடுச்சு. "என்னது கட்டப் போறீங்க?"

"ப்ளேன். சின்னதுதான். ரெண்டு சீட்டு. பாகமெல்லாம் பெட்டியில வரும், நாமளே சேர்த்துக் கட்டணும்."

"ஏனுங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டேன். அவரு சிரிக்கலை. இவரு சிரிக்காம ஒண்ணைச் சொன்னாருன்னா செய்யாம விட மாட்டாரு.

எங்க ரெண்டு பேருக்கும் சொந்த ஊரு உடுமலைப்பேட்டை. அவரு பாலிடெக்னிக் முடிச்சிட்டு அபுதாபி பக்கம் ருவைஸ் ரிஃபைனரிக்கு வந்து இருபத்திரெண்டு வருசமாச்சு. கம்ப்ரஸர் ரிப்பேர்தான் வேலை. நான் ருவைஸ்லயே ஒரு ஸ்கூல்ல கணக்கு டீச்சர். எங்க பொண்ணு தன்யா டொரோண்டோல படிக்கிறா. ப்ளேன் ஓட்டற லைசென்ஸை அவரு இந்தப் பேச்சுக்கு முன்னாடியே வாங்கியிருந்தாரு. வாரக் கடைசியில உம் அல் குவைன் பக்கம் ஒரு பிளையிங் கிளப்புக்குப் போய்க் கத்துக்கிட்டாரு. சில பேரு கோல்ஃப் ஆடப் போறாங்க இல்ல, அந்த மாதிரின்னு நானும் விட்டுட்டேன். தப்பு என்மேலதான். அப்பவே காலைக் கட்டிப் போட்டிருக்கணும்.

ஏன் இந்தப் பைத்தியம்னு கேட்டா ஒரே பதில்தான். "இருபது வருசமா அடுத்தவன் மெசினைத் தொறந்து மூடறேன் பாரதி. ஒண்ணாவது முதல் நட்டுல இருந்து கடைசி நட்டு வரைக்கும் என்னோடதா இருக்கட்டும்." ஒரு சைக்கிள் கட்டிக்கக் கூடாதா இந்த மனுசன்!

நாலு வருசம். சனிக்கிழமையானா விடியறதுக்கு முன்னாடி கிளம்பணும், நாலு மணி நேர டிரைவ். கிளப்புல ஹேங்கர்னு ப்ளேன் நிறுத்தற கொட்டகைல ஒரு மூலை கொடுத்திருந்தாங்க. மொதல்ல ஒரு கோவத்துல, "நீங்களே போய் முட்டிக்கோங்க"ன்னு வீட்டுலயே இருந்தேன். ஆனா வீட்டுல தனியா உக்காந்தா கண்டதெல்லாம் தோணுது. அதுக்குக் கூடவே போய்த் தொலைச்சிடலாம்னு கிளம்பிட்டேன். போன இடத்துல சும்மா விடுவாரா? தகட்டையெல்லாம் சேர்க்கற ரிவெட் ஆணி அடிக்க ஆள் வேணும். அவரு வெளிப்பக்கம் இருந்து துப்பாக்கி மாதிரி ஒண்ணை வெச்சு டட்டட்டட்டுன்னு அடிப்பாரு. உள்பக்கம் ஒருத்தர் இரும்புக் கட்டி ஒண்ணை அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு இருக்கணும். அதுல பட்டுத்தான் ரிவெட் நசுங்கி இறுகும். அந்த உள்பக்கத்து ஆள் நான்தான். றெக்கைக்குள்ள தலையை விட்டுக்கிட்டு, காதுல பஞ்சு வெச்சுக்கிட்டு, ஆயிரக்கணக்குல பிடிச்சிருக்கேன்.

ஒவ்வொண்ணுக்கும் எனக்குப் பயம். கை கொஞ்சம் நழுவினா ரிவெட் கோணிக்கும். கோணின ரிவெட்டோட இவரு மேல போவாரு. கணக்கு டீச்சர்தானே நான், ராத்திரி படுத்தா அத்தனை ரிவெட்டும் வரிசையா வந்து நிக்கும். எதைச் சரியாப் பிடிச்சேன், எதை அரைமனசாப் பிடிச்சேன்? காலையில எந்திரிச்சு, "அந்த இடது றெக்கைல மூணாவது வரிசையை மறுபடி பாருங்க"ம்பேன். அவரும் முகம் சுளிக்காம பார்ப்பாரு. சில சமயம் நான் சொன்னதுக்காகவே துளைச்சு எடுத்துட்டுப் புதுசு போடுவாரு.

தன்யாகிட்டப் புலம்பினா, "அம்மா, ரிலாக்ஸ்! அப்பா கேர்ஃபுல்மா"ன்னு ஃபோனை வெச்சிடுவா. கேர்ஃபுல்லாம் கேர்ஃபுல். ஜாக்கிரதையான ஆளுங்க யாரும் செத்ததே இல்லையா?

வெக்கத்தை விட்டு ஒண்ணு சொல்றேன். இது முடியவே கூடாதுன்னு நான் சாமிகிட்ட வேண்டியிருக்கேன். இஞ்சின் பெட்டி கப்பல்ல தாமதம்னு வந்தப்போ உள்ளுக்குள்ள பாயசம் குடிச்ச மாதிரி இருந்துச்சு. ஆனா வேலை முடிஞ்சுக்கிட்டே வந்துச்சு. கடைசி ரெண்டு மாசம் பூரா சில்லறை வேலைங்கதான். கண்ணாடி மூடிக்கு ஓரத்துல ரப்பர் ஒட்டறது, சக்கரத்துக்குத் தொப்பி மாதிரி மூடி மாட்டறது, முடுக்கின நட்டு மேலெல்லாம் மஞ்சப் பெயின்ட்ல ஒரு கோடு போடறது. நட்டு அசைஞ்சா கோடு ஒடையும், அதுல தெரிஞ்சுக்கலாமாம். சீட்டுக்கு உறை நான் தெச்சேன். ப்ளேனோட பேரு எழுத்து ஸ்டிக்கரை சோப்புத் தண்ணி தெளிச்சு ரெண்டு பேரும் சேர்ந்து ஒட்டினோம். அரசாங்கத்து ஆளுங்க வந்து, தட்டிப் பார்த்து, தராசுல நிறுத்துப் பார்த்து, பறக்கலாம்னு பெர்மிட் கொடுத்தாங்க. மத்தவங்க கை தட்டினாங்க. நான் பாத்ரூமுக்குப் போய்க் கொழாயைத் தொறந்து விட்டுட்டு அழுதேன்.

முதல் தடவை பறக்கறது ஜனவரி மாசம் ஒரு சனிக்கிழமை காலையில. அவரு மட்டும் தனியா போகணும், அதுதான் ரூல். ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறி, கிளப்பைச் சுத்திச் சுத்தி வந்து, இறங்கிடணும். அவ்வளவுதான்னாரு. அவ்வளவுதானாம்!

புது ஸ்கூட்டர் வாங்கினாலே பூஜை போடற குடும்பம் நாங்க. ஆகாசத்துக்குப் போற வண்டிக்கு ஒண்ணும் இல்லாம விடுவேனா? தேங்காய், கற்பூரம், எலுமிச்சம்பழம், சந்தனம், குங்குமம் எல்லாம் கூடையில எடுத்துக்கிட்டுப் போனேன். கிளப்புல மூசா பாய்னு ஒருத்தர் இருக்காரு. கராச்சிக்காரரு, பெரிய ப்ளேனெல்லாம் ஓட்டி ரிட்டயர்ட் ஆனவரு, என் வீட்டுக்காரருக்குக் கத்துக் கொடுத்ததும் அவருதான். கற்பூரத்தைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டுட்டாரு. "பாபி, பெட்ரோல் இருக்கற எடம். நெருப்பு மட்டும் வேண்டாம்"னு ஹிந்தியில சொன்னாரு. பாபின்னா அண்ணி, என்னை அப்படித்தான் கூப்பிடுவாரு. தேங்காயை வெளியில ஒடச்சேன். சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கினோம். மூக்குல, காத்தாடிக்குப் பின்னாடி ஒரே ஒரு பொட்டு வெச்சுக்கன்னு என் வீட்டுக்காரரு சொன்னாரு. "அதுக்கு மேல எதையும் தொடாத பாரதி. செக்கப் எல்லாம் முடிஞ்சாச்சு."

சரின்னேன். வெச்சேன். ஆனா மனசு கேக்கணுமே! அவரும் மூசா பாயும் ஆபீஸ் ரூமுக்குக் காத்து எப்படி அடிக்குதுன்னு பார்க்கப் போனாங்க. நான் மட்டும் அதோட நிக்கறேன். முன்னாடி பொட்டு இருக்கு, பின்னாடியை யாரு பார்க்கறது? வால் பக்கம் மொட்டையாக் கெடந்துச்சு. அங்க ப்ளேன் உடம்போட பக்கவாட்டுல, மத்த ரிவெட் வரிசையில சேராம, தனியா ஒரே ஒரு ரிவெட்டு வட்டமாப் புடைச்சுக்கிட்டு இருந்துச்சு. அது எப்ப அடிச்சதுன்னு எனக்குத் தெரியாது. போன வருசம் தங்கச்சி மக கல்யாணத்துக்கு நான் ஊருக்குப் போயிருந்தப்போ அவரே தனியா அடிச்சிருக்கணும். பொட்டு வைக்கறதுக்குன்னே வெச்ச மாதிரி தோணுச்சு எனக்கு. ரோஸ் வாட்டர்ல கெட்டியாக் கொழச்ச சந்தனத்தை அது மேல நல்லா அப்பி, நடுவுல குங்குமம் வெச்சேன். சுத்தி அந்தப் பக்கம் போனா, அங்கேயும் அதே மாதிரி ஒண்ணு. அதுக்கும் வெச்சேன். "மருதமலை முருகா, மனுசனை முழுசாக் கொண்டுவந்து சேர்த்துடு"ன்னு வேண்டிக்கிட்டேன். அந்த வறண்ட காத்துல சந்தனம் பத்து நிமிசத்துல சுண்ணாம்பு மாதிரி இறுகிடுச்சு.

அவரு வந்தாரு. அட்டையில கிளிப் போட்ட காகிதத்தை வெச்சுக்கிட்டு, கடைசியா ஒரு சுத்து சுத்திப் பார்த்து ஒவ்வொண்ணுக்கா டிக் போட்டாரு. நான் தள்ளி நின்னேன். வால் பக்கம் வந்தப்போ கொஞ்சம் நின்ன மாதிரி இருந்துச்சு. திட்டுவாருன்னு நெனச்சேன், திட்டலை. என்கிட்ட வந்து, "வரட்டுமா?"ன்னாரு. தலையை ஆட்டினேன். காகிதத்தை மூசா பாய்கிட்டக் கொடுத்துட்டு ஏறிட்டாரு.

ஓடுச்சு. தூக்குச்சு. சாமி சத்தியமாச் சொல்றேன், அந்த நிமிசம் பயத்தையும் மீறி எனக்குப் பெருமையா இருந்துச்சு. நான் பிடிச்ச ரிவெட்டுங்க மேல போகுது! மூசா பாய் கையில ஒரு ரேடியோ. அவரும் சிரிச்சாரு. அதுல என் வீட்டுக்காரரு குரல் வந்துச்சு. மொதல்ல நல்லாத்தான் வந்துச்சு.

அப்புறம், "ஸ்பீடு கொறையுது"ன்னாரு இங்கிலீஷ்ல. "அறுபது. அம்பது. ஃபுல் பவர்லதான் இருக்கேன். கொறைஞ்சுக்கிட்டே இருக்கு. உயரமும் காட்ட மாட்டேங்குது, தரையிலயே நிக்குது முள்ளு."

மூசா பாய் சிரிப்பு போயிடுச்சு.

வேகம் கொறைஞ்சா ப்ளேன் தொப்புனு விழுந்துடும். அப்படிக் கொறையும்போது மூக்கைக் கீழ அமுத்தணும், அமுத்தினா வேகம் ஏறும். இது எனக்கே தெரியும், நாலு வருசம் சோத்துக்கு ஊறுகாயா இதையேதான் கேட்டிருக்கேன். இவரு அமுத்தினாரு. ப்ளேன் மூக்கு கீழ சாஞ்சதை நான் கண்ணால பார்த்தேன். கீழ இருக்கறது கடலோரச் சதுப்புல முளைச்ச கண்டல் செடியும் உப்புத் தண்ணியும். அதை நோக்கி வருது.

"அமுத்தாதே! சிவா, மூக்கைத் தூக்கு! உன் ஸ்பீடு நல்லாத்தான் இருக்கு, நான் பார்க்கறேன்!"னு மூசா பாய் கத்தறாரு.

"இருபது காட்டுது பாய்!"

தூக்கினாரு. மறுபடி குரல், "ஜீரோ. ஜீரோ காட்டுது." மறுபடி மூக்கு சாயுது. மூசா பாய் ரேடியோவைக் கீழ எறக்கிட்டுத் தனக்குத்தானே பேசற மாதிரி சொன்னாரு. "மூக்குல அடைப்பா, வால்ல அடைப்பான்னு தெரியலையே. வால் பக்கம் பார்க்க ரிவெட் மாதிரியே ரெண்டு பட்டன் இருக்கு, ஊசி மொனை அளவு துளை போட்டது. வெளிக்காத்தை அது வழியாத்தான் ஸ்பீடு மீட்டரும் உயர மீட்டரும் தெரிஞ்சுக்கும். பாபி, அது மேல டேப் கீப் ஏதாவது ஒட்டினீங்களா, கழுவும்போது?"

எந்தப் பட்டன்னு கேக்கவே இல்லை நான். எனக்குத் தெரிஞ்சு போச்சு. அடிப்பாவின்னு எனக்குள்ள ஒரு குரல் கேட்டுச்சு. நாலு வருசமா ஒரு ரிவெட்டு கோணலாகக் கூடாதுன்னு தூங்காம கெடந்தவ, நானே என் கையால அடைச்சு அனுப்பியிருக்கேன்! ஒரு நொடி, சாமி மன்னிக்கணும், சொல்லாம இருந்துடலாமான்னு கூட நாக்கு பின்னாடி இழுத்துச்சு. அப்புறம் மூசா பாய் சட்டைக் கையைப் பிடிச்சு உலுக்கினேன். "பாய், டீக்கா! பொட்டு! நான் டீக்கா வெச்சேன் அது மேல! சந்தனம்!"

அவரு என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணுல நிக்குது. ரேடியோவை அமுத்தினாரு. "சிவா, கேளு. வால் துளை அடைஞ்சிருக்கு. பாபி வெச்ச டீக்கா. உன் மீட்டர் பொய் சொல்லுது. அதைப் பார்க்காதே. தொடுவானத்தைப் பாரு, இஞ்சின் சத்தத்தைக் கேளு, மடியில கட்டியிருக்கற டேப்லெட்ல ஜிபிஎஸ் ஸ்பீடைப் பாரு."

ரேடியோல கொரகொரன்னு சத்தம். அந்த நேரம் எவ்வளவுன்னு கேட்டா அஞ்சு செகண்டுன்னு மூசா பாய் சொல்றாரு. எனக்கு ஒரு ஜென்மம். அப்புறம் என் வீட்டுக்காரரு குரல், தமிழ்ல. "பாரதி, இடது பக்கம் மட்டும்தானே?"

மூசா பாய் ரேடியோவை என் வாய்கிட்ட நீட்டினாரு. "ரெண்டு பக்கமும்ங்க"ன்னு அழுதேன். "ரெண்டு பக்கமும் வெச்சுட்டேனுங்க."

"சரி"ன்னாரு. அவ்வளவுதான்.

மூக்கு மேல வந்துச்சு. மெதுவா, பெருசா ஒரு வட்டம் போட்டாரு. மூசா பாய் விடாம பேசிக்கிட்டே இருந்தாரு, "அச்சா, அச்சா, அப்படியே வா, ஜல்தி வேண்டாம்"னு. நான் மணல்ல உக்காந்துட்டேன். கண்ணை மூடினாலும் பயம், தொறந்தாலும் பயம். ஒரு கண்ணை மட்டும் தொறந்து வெச்சுக்கிட்டு இருந்தேன்னா நம்புவீங்களா? தரையில தொட்டு ஒரு எகிறு எகிறுச்சு, மறுபடி தொட்டு இன்னொரு எகிறு. அப்புறம் ஓடி நின்னுது.

இறங்கினவரு சட்டை நனைஞ்சு உடம்போட ஒட்டிக் கெடந்துச்சு, ஜனவரிக் குளிர்ல. நான் கால்லயே விழுந்திருப்பேன். "என்னைக் கொன்னு போடுங்க"ன்னேன். அவரு என்னைப் பார்க்கவே இல்லை. மூசா பாய் கையில இருந்த காகிதத்தைப் புரட்டினாரு. அவருக்கு ஏதோ கண்ணுல பட்டுச்சு. "சிவா, எல்லாத்துக்கும் டிக் போட்டிருக்கே. இந்த ஒரு வரி மட்டும் ஏன் காலி? வால் துளை, ரெண்டு பக்கமும் பார்க்கணும்னு இருக்கே?"

அப்பதான் எனக்கு உறைச்சுது. இடது பக்கம் மட்டும்தானேன்னு கேட்டாரே. நான் வெச்சது இவருக்கு எப்படித் தெரியும்?

"பார்த்தீங்களா?"ன்னு கேட்டேன்.

"பார்த்தேன்."

"பார்த்துட்டுத்தான் போனீங்களா? அறிவு இருக்கா உங்களுக்கு? கேஸ் ட்யூபுக்குத் தேதி எழுதற மனுசனா நீங்க? விரலால ஒரு தடவை வழிச்சு எறிஞ்சிருக்கலாம்ல?" கத்தினேன். கிளப்பே திரும்பிப் பார்த்துச்சு, பார்க்கட்டும்.

அவரு தரையைப் பார்த்துக்கிட்டே சொன்னாரு. "வழிக்கத்தான் கை போச்சு பாரதி. பக்கத்துல வரைக்கும் போச்சு. குங்குமத்தை அழிச்சுட்டு மேல போக எனக்குத் தைரியம் வரலை. நீ வெச்ச குங்குமம். ஒரு பக்கம் அடைஞ்சாலும் இன்னொரு பக்கம் போதும், மீட்டர் வேலை செய்யும்னு கணக்குப் போட்டேன். அந்தப் பக்கம் போய்ப் பார்க்கலை. அங்கேயும் இருந்தா அழிக்க வேண்டி வருமேன்னுதான் போகலை."

பயப்படறது நான் ஒருத்திதான்னு இத்தனை நாள் நெனச்சுக்கிட்டு இருந்தேன். இந்த மனுசன் என்னை விடப் பயந்துக்கிட்டு, அதை என்கிட்டக் காட்டாம, நாலு வருசம் ஸ்பானர் பிடிச்சிருக்காரு.

மூசா பாய் ஒரு துணியை நனைச்சுக் கொண்டாந்து நீட்டினாரு. இன்னைக்கு இனிமே பறக்க வேண்டாம், சுத்தம் பண்ணி, உள்ள இருக்கற ட்யூபைக் காத்தடிச்சுப் பார்த்துட்டு அடுத்த வாரம் வெச்சுக்கலாம்னாரு. என் வீட்டுக்காரரு துணியை வாங்கிக்கிட்டு வால்கிட்டப் போனாரு. நின்னாரு. கை தூக்கினாரு. கை அப்படியே நின்னுது. மறுபடி தூக்கினாரு.

நான் போய்த் துணியைப் பிடுங்கினேன்.

எங்க பெரியப்பா தவறிப் போனப்போ, பெரியம்மா நெத்திக் குங்குமத்தைத் துடைச்சதைப் பக்கத்துல நின்னு பார்த்தவ நான். அப்ப எனக்குப் பதினோரு வயசு. இப்ப என் புருசன் பக்கத்துல உசுரோட நிக்கறாரு, அவரு மூச்சு விடறது கேக்குது. அப்படி இருந்தும், அந்தச் செவப்பு மேல துணியை வெச்சப்போ, அவரு ஆகாசத்துல திண்டாடினப்போ கூட வராத பயம் எனக்கு வந்துச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டு அழுத்தித் தேய்ச்சேன். சந்தனம் கரைஞ்சு, செவப்பு விரலெல்லாம் ஒழுகி, ஊசி மொனை அளவு துளை கண்ணுக்குத் தெரியற வரைக்கும் தேய்ச்சேன். அப்புறம் அவரு கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போனேன்.